மூணு சென்ட் காடு

கடலைக்காட்டுல களை வெட்டு இருந்ததால பத்து நாளா எதுவும் எழுத முடியலை. இன்னைக்கு மகள் வீட்டுத் தோட்டத்தைப் பத்திச் சொல்றேன்.

ஈரோட்டுக்கு வெளியே ஒரு சைட்டுல மகள் வீடு கட்டிக் குடிபோய் நாலு வருஷமாச்சு. 40க்கு 60 மனை, அஞ்சரை சென்ட். வீடு போக மூணு சென்ட் சும்மா கிடந்தது. மாப்பிள்ளை அதுல பூராவும் கல்லுப் பதிச்சிடலாம்னு இருந்தார். மகள் ஒரு நாள் ராத்திரி போன்ல, "ஜன்னலைத் தொறந்தா ரோட்டுல போறவங்க மூஞ்சிதான் தெரியுதுங்கப்பா. நம்மூர் வாசல்ல மாதிரி ஒரு நாளும் வெளிய உக்கார முடியலை"ன்னா. குரல் சரியில்லை.

மாப்பிள்ளைகிட்ட, "ஒரு வருஷம் எனக்கு விடுங்க மாப்பிள்ளை. ஒண்ணும் வரலைன்னா நானே நின்னு கல்லுப் பதிச்சுத் தர்றேன்"னு கேட்டு வாங்கினேன்.

ஆடியில பதினொரு நாத்து கொண்டுபோய் அடிக் குழி தோண்டி வெச்சேன். ஐப்பசி மழை முடியறதுக்குள்ள எட்டு செத்துப் போச்சு. முப்பது வருஷமா வெவசாயம் பண்றவனுக்கு இதைவிட வெக்கம் உண்டுங்களா? கடப்பாரையைப் போட்டு நோண்டினேன். ஒண்ணரை அடிக்கு கிராவலும் செங்கல் உடைசலும் சிமெண்ட் கட்டியும். தண்ணி எறங்காம நின்னு வேர் அழுகியிருக்கு. அதுக்குக் கீழே பாத்தா நல்ல செம்மண்ணு. கடலை வெளைஞ்ச மண்ணுங்க அது. கையில வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். போர் போட்ட கடனுக்கு ஒண்ணரை ஏக்கர் வித்தவன் நான். அதுவும் இப்ப மனைதான். அங்கயும் மேல இதைத்தான் கொட்டியிருப்பாங்க.

அப்புறம் மூணடிக்கு மூணடி குழி எடுத்து, உடைசலை வெளிய தள்ளி, தொழு உரம், வண்டல், செத்தை போட்டு நெறைச்சேன். மொதல்ல நிழலுக்கு முருங்கைப் போத்தும் அகத்தியும். அதுங்களுக்குக் கீழே கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை. அதுக்கும் கீழே நிழல்ல மஞ்சள், இஞ்சி, சேம்பு. வெயில் விழற எடத்துல கீரை. அகத்தி மேல வெத்தலைக் கொடி. பாத்திரம் கழுவற தண்ணி வாழைக்கு. விழற எலை அங்கயே கிடக்கணும், கூட்டி எரிக்கக் கூடாதுன்னு மகள்கிட்டச் சொல்லிட்டேன்.

ரோட்டுப் பக்கம் எங்க கொறங்காட்டு வேலியில இருந்து கிளுவைப் போத்து வெட்டிட்டுப் போய் நெருக்கமா நட்டேன். ஆனா கோடையில கிளுவை எலை உதிர்த்துரும், ரோடு மறுபடி தெரியும். அதனால உள்பக்கம் ஒரு வரிசை செம்பருத்தி வெச்சேன்.

ரெண்டாம் வருஷ மழையில முருங்கையில கம்பளிப்பூச்சி ஏறி, பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் போயிருச்சு. அவங்க வந்து சத்தம் போட்டாங்க. ஞாயந்தானுங்க, அவங்க வீட்ல கைக்குழந்தை. அன்னைக்கே இடுப்பு உசரத்துக்கு முருங்கையை வெட்டிட்டேன். அதுக்குள்ள கொய்யா தலை தூக்கியிருந்தது. முருங்கை வந்த வேலையும் முடிஞ்சுது.

போன வாரம் விடியக்காலம் போய் எறங்கினேன். கொய்யா மரத்தடியில கயித்துக் கட்டில்ல மாப்பிள்ளை டீ குடிச்சிட்டு இருந்தார். கல்லுப் பேச்சை அவரும் எடுக்கலை, நானும் எடுக்கலை. மகள் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு வாசப்படியில உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. ரோட்டுல ஆரோ போற சத்தம் கேட்டுது, ஆளு தெரியலை.

மனை வாங்கியிருக்கற சொந்தங்களுக்கு ஒண்ணு சொல்றேன். செடி வாங்கறதுக்கு முன்னாடி கடப்பாரையை எடுத்து ரெண்டடி தோண்டிப் பாருங்க. மண்ணு கீழேதான் இருக்குதுங்க.