கிணத்துல தம் கட்டு... கடல்ல மூச்சு விடு!

ஒரு சின்னக் கேள்வி. நீச்சல் எங்கே கத்துக்கிட்டீங்க?

'ஸ்விம்மிங் பூல்ல'னு சொல்றவங்க கொஞ்சம் ஓரமா உட்காருங்க. மத்தவங்க எல்லாம் நம்ம செட்டு. இடுப்புல காஞ்ச சுரைக்குடுக்கையையோ, காலி கேனையோ கட்டி விட்டு, மாமாவோ சித்தப்பாவோ பின்னாடி இருந்து ஒரே தள்ளு. தொபுக்கடீர்! ராசிபுரம், பரமத்தி, சங்ககிரி, வாழப்பாடி... எந்தப் பக்கம் போனாலும் பாறையை உடைச்சு வெட்டின கிணறுதானே நமக்கு யுனிவர்சிட்டி?

அந்த யுனிவர்சிட்டியில கோல்டு மெடல் யாருக்கு? அதிக நேரம் தம் கட்டி (அந்த 'தம்' இல்லைங்க!), அடியாழம் வரைக்கும் போய் ஒரு கைப்பிடி சேறு அள்ளிட்டு வர்றவனுக்கு. எங்க கேங்ல அந்த மெடல் மாப்ளைக்குத்தான். அவன் உள்ளே போனா, மேலே நிக்கிற எங்களுக்கு மூச்சு முட்டும்.

செமஸ்டர் லீவு விட்டாச்சு. நாலு பேர் சேர்ந்து பாக்கெட் மணியை உண்டியல் மாதிரி சேர்த்து வெச்சு, 'ஸ்கூபா டைவிங்'னு ஒரு பிளான் போட்டோம். கடலே இல்லாத ஊர்க்காரங்களுக்குப் பக்கத்துக் கடல் புதுச்சேரிதான். சேலத்துல ராத்திரி பஸ் ஏறி ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம்னு தூங்கி வழிஞ்சு இறங்கினா, விடியக்காலையில உப்புக் காத்து.

ஒரு பேனாவும் ஒரு பொய்யும்

நாங்க போனது ரொம்பச் சின்ன இடம். பந்தல் போட்ட ஒரு முற்றம், கொடியில காயற ரப்பர் டிரெஸ், மூலையில கம்ப்ரஸர், ஒரே ஒரு படகு. சொல்லித் தர்ற மாஸ்டர் மீனவர் குடும்பத்துப் பையன். எங்களைவிட ஆறேழு வயசுதான் கூட இருக்கும்.

போனவுடனே தண்ணியில தள்ளுவாங்கனு பார்த்தா, கையில ஒரு பேப்பரைக் கொடுத்தாங்க. இதய நோய் இருக்கா? வலிப்பு வந்திருக்கா? காதுல ஆபரேஷன் நடந்திருக்கா? ஆஸ்துமா இருக்கா?

மாப்ளையோட பேனா நின்னுடுச்சு. அவனுக்குச் சின்ன வயசுல இருந்தே வீசிங். மார்கழிப் பனி வந்தா இன்னமும் இன்ஹேலர் வேணும். இது எங்க நாலு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்.

"டேய், 'இல்லை'னு டிக் அடிச்சுடுடா. யாருக்குத் தெரியப் போகுது?"

இதைச் சொன்னது வேற யாரும் இல்லை, நான்தான். அவன் பதில் சொல்லாம பேப்பரை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டான்.

பலூன் பாடம்

கிளாஸ் ஆரம்பிச்சது. முதல் பல்பு எங்களுக்கு அங்கேயே. "ஆக்ஸிஜன் சிலிண்டர் எவ்வளவு வெயிட்ணே?"னு கேட்டோம். "தம்பி, அது ஆக்ஸிஜன் இல்லை, சாதா காத்து"னு சிரிச்சார். நாம இங்கே சுவாசிக்கிற அதே காத்துதான். அதைச் சுத்தமா வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்துல அடைச்சிருப்பாங்க. லாரி டயர்ல இருக்கிறதைவிட 20 மடங்குக்கும் மேலேனு வெச்சுக்கோங்க. 1943-ல் பிரான்ஸ்ல கூஸ்தோவும் காக்னானும் சேர்ந்து, டைவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏத்த அழுத்தத்துல காத்தைத் தர்ற ரெகுலேட்டரை உருவாக்கினாங்க. இன்னைக்கும் ஸ்கூபாவுக்கு அதுதான் அடிப்படை.

அப்புறம் மாஸ்டர் ஒரு பலூனை எடுத்தார். கவனமாப் படிங்க, மேட்டரே இங்கேதான் இருக்கு.

10 மீட்டர் ஆழத்துல தண்ணியோட அழுத்தம் சேர்ந்து, மேலே இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு ஆயிடும். கிணத்துல நாம என்ன பண்றோம்? மேலேயே மூச்சை இழுத்துட்டு உள்ளே போறோம். ஆழத்துல அந்தக் காத்து சுருங்கும். திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரியும். அவ்வளவுதான், நுரையீரலுக்குப் பிரச்னை இல்லை.

ஸ்கூபாவுல கதையே வேற. 10 மீட்டர் ஆழத்துல நின்னுக்கிட்டு, அங்கே இருக்கிற அழுத்தத்துல மூச்சை இழுக்கிறோம். அப்படியே தம் கட்டிக்கிட்டு மேலே வந்தா, அந்தக் காத்து ரெண்டு மடங்கா விரியப் பார்க்கும். பலூனை அளவுக்கு மேலே ஊதினா என்ன ஆகும்? நுரையீரலுக்கும் அதே கதிதான். ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்துல இருந்து முழு மூச்சோட எழுந்து வந்தாகூட ஆபத்து உண்டு.

"அதனால ஒரே ரூல். எது நடந்தாலும் மூச்சை நிறுத்தாதீங்க. இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க."

"வீசிங் இருந்தா என்ன ஆகும்ணே?" மாப்ளையோட குரல்.

"காத்துக்குழாய் சுருங்கிக்கும். நீங்க ஒழுங்கா மூச்சு விட்டாலும் உள்ளே கொஞ்சம் காத்து மாட்டிக்கும். மேலே வரும்போது அது விரியும். ஏன் தம்பி?"

மாப்ளை பாக்கெட்ல இருந்த பேப்பரை எடுத்தான். 'ஆம்'னு டிக் அடிச்சு நீட்டினான். மாஸ்டர் முகத்துல கோபம் இல்லை. "டாக்டர் லெட்டர் இருந்தாத்தான் இறக்க முடியும். படகுல வாங்க, காசு வேண்டாம்"னு சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

கட்டை விரல் காமெடி

முதல்ல ஆழம் இல்லாத தண்ணியில பிராக்டிஸ். கிணத்துப் பசங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபினு நினைச்சோம். ஆனா முகம் தண்ணிக்குள்ளே போனதும், உடம்பு தானா தம் கட்டுது! பத்து வருஷப் பழக்கமாச்சே? மாஸ்டர் ஒவ்வொருத்தர் முன்னாடியும் கையைக் காட்டிக்கிட்டே இருந்தார்: விடு... விடு... வாயில இருந்து குமிழ் வந்தாத்தான் அடுத்த பாடம். நீச்சல் தெரியாதவங்களைவிட எங்களுக்குத்தான் கஷ்டமா இருந்துச்சுனா நம்புவீங்களா?

அப்புறம் நடுக்கடல். படகு ஓரத்துல உட்கார்ந்து பின்னாடி சாயணும். கயித்தைப் பிடிச்சு இறங்க இறங்க, காதுல 'ஙொய்ங்'. கிணத்தடியில சேறு எடுக்கும்போது வலிக்குமே, அதேதான். மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதினா சரியாகும். வலி வந்தப்புறம் இல்லை, வர்றதுக்கு முன்னாடியே, சில அடிக்கு ஒரு தடவை.

பச்சை வெளிச்சத்துக்குள்ளே ஒரு களவா மீன் எங்களைச் சட்டை பண்ணாம போச்சு. இன்னொரு பக்கம், விசிறி விரிச்ச மாதிரி ஒரு லயன் ஃபிஷ். அழகுனு தொட்டா போச்சு, முள்ளுல விஷம். எங்க கேங்ல ஒருத்தன் சந்தோஷம் தாங்காம கட்டை விரலைத் தூக்கி 'சூப்பர்'னு காட்டினான். மாஸ்டர் உடனே அவனை மெதுவா மேலே கூட்டிட்டுப் போயிட்டார்! கடலுக்கு அடியில கட்டை விரலைத் தூக்கினா 'மேலே போகணும்'னு அர்த்தம். 'ஓ.கே.'னு சொல்ல, ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வட்டமாச் சேர்க்கணும். பாவம், பாதி டைவ் அவுட்.

முதல் தடவை போறவங்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிட்டுப் போக மாட்டாங்க. ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சா 18 மீட்டர் வரை போகலாம். புதுச்சேரி கடல்ல 'டெம்பிள் ரீஃப்'னு செயற்கையா உருவாக்கின ஒரு திட்டு அந்த ஆழத்துலதான் இருக்கு. 18 மீட்டர்னா எவ்வளவு? கிட்டத்தட்ட 60 அடி. நம்ம ஊர்ல நல்லா வெட்டின ஒரு கிணறு!

மேலே வந்தப்போ, படகுல இருந்து முதல்ல கை நீட்டித் தூக்கிவிட்டது மாப்ளைதான். கையில துண்டு. "என்னடா பார்த்த? ஒண்ணு விடாம சொல்லு"ன்னான். எனக்கு வார்த்தை வரலை. நான் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா, அவனும் இந்நேரம் தண்ணியில இருந்திருப்பான். எப்படி மேலே வந்திருப்பானோ!

ரிட்டர்ன்ல கொல்லிமலையா? நோ!

'மறுநாள் காலையிலேயே கொல்லிமலை போயிடலாம், 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை'னு எங்க பிளான்ல இருந்துச்சு. மாஸ்டர் தலையில குட்டாத குறை. டைவ் பண்ணும்போது உடம்புல கூடுதலா நைட்ரஜன் கரைஞ்சு நிக்கும். அது வெளியேற நேரம் கொடுக்காம உயரத்துக்குப் போனா, உள்ளேயே குமிழாகி மூட்டு வலியில ஆரம்பிச்சு பக்கவாதம் வரைக்கும் கொண்டு விடலாம். ஃப்ளைட்டுக்குச் சொல்ற இந்த எச்சரிக்கை ஏற்காடு, கொல்லிமலைக்கும் பொருந்தும். ஒரு முழு நாள் கழிச்சுப் போங்க. சேலம் வர்ற ரோடு சமவெளிதான், அதுக்குப் பயம் இல்லை.

புக் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. எந்த அமைப்போட சர்டிபிகேட் வெச்சிருக்கீங்க? 'பாடி'னு சொன்னா நாமக்கல் லாரி பாடினு நினைச்சுடாதீங்க. அது 1966-ல் அமெரிக்காவுல தொடங்கின டைவிங் பயிற்சி அமைப்பு.

2. ஒரு மாஸ்டருக்கு எத்தனை பேர்? நாலுக்கு மேலேன்னா யோசிங்க. ரெண்டுன்னா நிம்மதி.

3. கம்ப்ரஸர் காத்தை எங்கே இருந்து இழுக்குது? திருச்செங்கோடு ரிக் வண்டியைப் பார்த்தவங்களுக்கு இது ஈஸியாப் புரியும். என்ஜின் புகை பக்கத்துல இருந்தா, அந்தக் கார்பன் மோனாக்சைடுதான் உங்க சிலிண்டர்ல. ஃபில்டர் எப்போ மாத்தினாங்கனும் கேளுங்க.

4. படகுல முதலுதவி ஆக்ஸிஜன் இருக்கா? இங்கேதான் நிஜ ஆக்ஸிஜன் வேணும்.

5. கடல் சரியில்லைனா கேன்சல் பண்ணுவீங்களா? 'எந்தக் கடலா இருந்தாலும் போலாம்'னு சொன்னா ஓடி வந்துடுங்க. உடம்பைப் பத்தி ஒரு கேள்விகூடக் கேட்காத இடத்துல இருந்தும் அப்படியே.

இடம் சின்னதா பெரிசானு பார்க்காதீங்க. கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காம பதில் வருதானு பாருங்க.

ஊருக்கு வந்ததும் மாப்ளை செஞ்ச முதல் வேலை, நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டினது. டெஸ்ட் எல்லாம் முடிச்சு அவர் லெட்டர் கொடுத்தா, அடுத்த லீவுக்கு நாலு பேரும் தண்ணியில. கொடுக்கலைனா படகுல துண்டோட ஒருத்தன் ரெடி. ஆனா அடுத்த தடவை அந்தப் பேப்பர் கையில வரும்போது, பக்கத்துல இருந்து தப்பா யோசனை சொல்ல நான் இருக்க மாட்டேன். நீங்களும் இருக்காதீங்க!