இடப்பக்கம் ஒரு தட்டல்

வினைத்திட்பம் அதிகாரத்தை இருபது ஆண்டுகளாக இளங்கலை வகுப்புகளுக்கு நடத்தி வருகிறேன். அச்சாணியைச் சொல்லும் ஏழாம் குறளுக்கு வரும்போது கரும்பலகையில் ஒரு சக்கரம் வரைவேன். நடுவில் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளிதான் அச்சாணி. மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். அச்சாணி என்ற ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் சென்ற மாதம் வரை அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

அப்பாவின் சைக்கிள் முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். நகரின் வடக்கே இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தெற்கே முதலியார்பேட்டை வரை, மில் சங்கு ஊதுவதற்கு முன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மிதித்த வண்டி. ஏ.எஃப்.டி. என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டாலும் அவருக்குக் கடைசி வரை அது ரோடியர் மில்தான். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டதை, தான் பிறப்பதற்கு முன் நடந்ததாயினும், நேரில் கண்டவர்போல் சொல்வார். எட்டு மணி நேர வேலை அந்த இரத்தத்தில் வந்தது என்பார். 2020-இல் மில் மூடப்பட்டபோது, ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தும், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் ஒருநாள், "இடப்பக்கம் மிதிக்கிறப்ப என்னமோ தட்டுதுடா" என்றார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "முழங்கால்தான்பா. வயசு ஆகுது. இனிமே சைக்கிள் வேண்டாம்" என்றேன். மறுத்துப் பேசவில்லை. வண்டியைத் திண்ணையோரம் சார்த்தினார். பிறகு அதை எடுக்கவேயில்லை. சென்ற ஆண்டு காலமானார்.

பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்ன அன்றுதான் காற்றடித்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். மகாத்மா காந்தி வீதி வரை போவதற்குள் தெரிந்துவிட்டது. இடது மிதி கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் பாதத்தின் அடியில் 'டக்' என்று ஒரு தட்டல். என் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்லை. வீதியோரம் இறங்கிச் சிறிது நேரம் நின்றேன்.

இதை நானே சரிசெய்ய வேண்டும் என்று தோன்றியது. ஞாயிறு சந்தையில் ஸ்பேனர், சுத்தியல், அரம் வாங்கினேன். முதலில் மிதியைத்தான் ஐயுற்றேன். வழக்கமான திசையில் முறுக்கினேன். அது கழன்று வந்தது. இடது மிதியின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மிதி சரியாகத்தான் இருந்தது. அடுத்து, கிராங்க் அச்சோடு சேரும் இடத்தில் தெரிந்த சிறு நட்டைப் பலம் கொண்டமட்டும் முறுக்கினேன். மரை தேய்ந்து, நட்டு வெறுமனே சுழன்றது. ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன் நான்.

பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருவொன்றில் முன்பு வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவரைத் தேடிப்போனேன். கடை இப்போது இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து, "மில்லுக்காரர் பிள்ளையா? வா வாத்தியாரே" என்றார். கையை வைக்காமல், என்னையே செய்யச் சொன்னார்.

முதலில் கிராங்கைப் பிடித்து வண்டியின் உடலை நோக்கியும் வெளியேயும் ஆட்டச் சொன்னார். இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் குற்றம் நடு அச்சின் குண்டுகளிலும் கோப்பையிலும் இருக்கிறது. ஒன்று மட்டும் ஆடினால் அதன் பின்னில் இருக்கிறது. பிறகு இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்தி, இரண்டு மிதிகளையும் ஒருசேர அழுத்தச் சொன்னார். அரைச் சுற்றுச் சுற்றி மீண்டும் அழுத்தினேன். இடது கிராங்க் மட்டும் இம்மியளவு புரண்டு, தட்டியது.

"காட்டர் பின்னு. நட்டு பிடிக்குதுன்னு நெனச்சியா? பின்னுதான் பிடிக்குது. நட்டு சும்மா காவல்."

அந்தப் பின் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத எஃகு உருளை. ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சாய்வு அச்சின் வெட்டில் ஆப்பாக இறுகுவதால்தான் கிராங்கும் அச்சும் ஒன்றாகச் சுழல்கின்றன. இடது காலின் உந்துதல் முழுவதும் அதைக் கடந்துதான் சங்கிலிக்குப் போக வேண்டும். சாய்வு முகம் தேய்ந்தால், கால் அழுத்தும்போது கிராங்க் முதலில் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டுகிறது. தட்டல் அதுதான். ஆப்பே வேண்டாத, நான்கு முக அச்சில் பொருந்தும் அலுமினியக் கிராங்கை 1933-இலேயே பிரான்சில் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட இவ்வூரின் மில் தொழிலாளியோ அதற்குப் பல்லாண்டுகள் பின்னும் ஆப்பு வைத்த வண்டியில்தான் வேலைக்குப் போனார்.

பழைய பின்னை வெளியே தட்டும்போது கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, அது தரையில் ஊன்றி நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடி குண்டுகளில் இறங்கும். புதிய பின் இரண்டு தேநீர் விலைதான். அதை உள்ளே தட்டி, நட்டை இறுக்கி, மிதியைச் சுழற்றினேன். இரண்டு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஒன்று சற்றே முந்தி நின்றது. பெரியவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். ஒன்றின் நட்டு மேலே பார்த்தால் மற்றதன் நட்டு கீழே பார்க்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்திருந்தேன். கழற்றித் திருப்பினேன். சாய்வு முகத்தை அரத்தால் சிறிது சிறிதாக ராவி, முழுதும் படியும்வரை பொருத்திப் பார்த்து, மீண்டும் அடித்தேன். சுத்தியலின் ஓசை மாறியது. மந்தமாக இருந்தது கணீரென்று ஆனது. "இப்ப உக்காந்துருச்சு" என்றார். கொஞ்ச தூரம் ஓட்டியபின் இன்னொரு முறை தட்டி நட்டை இறுக்கவேண்டும் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது, தேய்ந்த பின்னைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இத்தோட எப்படி ஓட்டினாரு? கால்ல தட்டிக்கிட்டே இருந்திருக்குமே" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. முழங்கால் என்று நினைத்தோம் என்றேன். நினைத்தோம் என்ற பன்மை பொய். அப்பா அப்படி நினைக்கவில்லை. வண்டியில்தான் தட்டுகிறது என்று அவர் சரியாகவே சொன்னார். முப்பது ஆண்டுகள் தறியின் ஓசையைக் கேட்டே அதன் பழுதை அறிந்த மனிதர். அவரை நம்பாமல், வயது என்ற ஒரு சொல்லில் நான் வழக்கை முடித்துவிட்டேன். ஒரு மாலைப் பொழுது வேலை. அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் கடற்கரைச் சாலைக்குப் போய்வரக் கிடைத்திருக்கும்.

இந்தப் பருவத்தில் ஏழாம் குறளுக்கு வந்தபோது கரும்பலகையில் சக்கரம் வரையவில்லை. தேய்ந்த பின்னைப் பையிலிருந்து எடுத்து, இது தேரின் அச்சாணி அல்ல, ஆனால் அதன் உறவுதான் என்று சொல்லி, முதல் வரிசை மாணவியிடம் கொடுத்தேன். வரிசை வரிசையாகக் கை மாறிப் போனது. கடைசி வரிசையில் ஒருவன் சாய்வு முகத்தை விரலால் தடவிப் பார்த்து, "இவ்வளவு தேய்ஞ்சிருக்கே ஐயா, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டான்.

ஓட்டினவர் கவனித்துச் சொன்னார், கேட்டவன் கவனிக்கவில்லை என்றேன். அவன் அதையும் குறித்துக்கொண்டான்.