குளிருக்குக் கடிவாளம்

சென்னையில் கார் ஏசியின் குமிழ் பெரும்பாலும் நீலக் கோடியிலேயே கிடக்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் பெங்களூருவில் அப்படி முடியாது. மார்கழிக் காலையில் ஹீட்டர் வேண்டும், மதியம் குளிர் வேண்டும், சாயங்கால மழையில் கண்ணாடியின் மூட்டம் விலக இரண்டும் கலந்து வேண்டும். குளிரை உண்டாக்குவதைப் போலவே அதை அளவாக வைப்பதும் இங்கே பெரிய வேலை.

டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை போகும் ஜே.சி. ரோடு, வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர்போனது. அதையொட்டிய சந்தில் உள்ள ஏசி பட்டறைக்குப் போயிருந்தேன். மேஸ்திரி தருமபுரிப் பக்கத்துக்காரர். பழைய மாருதி எஸ்டீம் ஒன்று வந்து நின்றது.

"நாப்பை எங்க வெச்சாலும் வெதுவெதுன்னுதான் காத்து வருது. கேஸ் அடிச்சிடுங்கண்ணா" என்றார் வண்டிக்காரர்.

மேஸ்திரி சிலிண்டர் பக்கமே போகவில்லை. பானெட்டைத் திறந்து, ஏசியை ஓடவிட்டு, கம்ப்ரெஸருக்குத் திரும்பும் தடித்த குழாயைப் பிடித்துப் பார்த்தார். அது சில்லென்று வியர்த்திருந்தது. பிறகு கேஜை மாட்டிப் பார்த்தார், அழுத்தமும் சரி. "கேஸ் இருக்கு சார். குளிரும் வருது. கூடவே சூடு கலக்குது."

என்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோருக்கும் போகிறது. குளிர்ந்த காற்றில் எவ்வளவு அந்தச் சூட்டைத் தொட்டு வரவேண்டும் என்பது ஒரு மடலின் கையில். குமிழையும் மடலையும் இணைப்பது உறைக்குள் ஓடும் ஓர் எஃகுக் கம்பி.

உதவியாளர் குளோவ் பாக்ஸைக் கழற்றினார். மேஸ்திரி டார்ச் அடித்துக் குமிழைத் திருப்பச் சொன்னார். கம்பியோடு உறையும் சேர்ந்தே நகர்ந்தது. உறையைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. உறை அசையாமல் நின்றால்தான் கம்பி மடலை இழுக்கும். மடலைச் சூடு முழுக்க அடைபடும்படி தள்ளிவைத்தார்; குமிழையும் குளிர்க் கோடிக்குத் திருப்பினார்; அதற்குப் பிறகே புதுக் கிளிப்பில் உறையை இறுக்கினார். இந்த வரிசை பிசகினால், குமிழ் கோடிக்குப் போனாலும் மடல் முழுசாக மூடாது. சூடு கசிந்தபடியே இருக்கும்.

கேட்டபடி கேஸ் அடித்திருந்தால் கோளாறு அப்படியேதான் இருந்திருக்கும். அளவு மீறினால் அழுத்தம் ஏறிக் கம்ப்ரெஸர் திணறும். வெளியே கசிந்தாலோ, அந்தக் கேஸான ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

கூலியைக் கேட்டதும் வண்டிக்காரர் முகம் மாறியது. "ஒரு கிளிப்புக்கா இவ்வளவு?"

கிளிப்பின் விலை சொற்பம்தான். அதுதான் கோளாறு என்று கண்டுபிடிக்கப் பல வருடப் பழக்கம் தேவைப்படுகிறது. மாற்றிய பாகத்துக்கும் அடித்த கேஸுக்கும் மட்டுமே காசு என்றால், தேடிப் பார்க்கும் மேஸ்திரி நஷ்டப்படுவார். பார்க்காமலே கேஸ் அடிப்பவர் பிழைப்பார். பட்டறைக்குப் போகிறவர்கள் வண்டிக்கு என்ன செய்கிறது என்று மட்டும் சொல்லட்டும். என்ன செய்யலாம் என்பதை மேஸ்திரி பார்த்துச் சொல்லட்டும். அப்படிப் பார்க்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை நாம் மனமார ஏற்க வேண்டும்.