பெட்டியை ஒளிக்கும் முன் எல்லைக்கல்லைப் பாருங்கள்

கரிசல் சீமையில் ஒரு வீட்டுக்குப் போய் "அப்பா எங்கே?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காங்க" என்று பதில் வரும். வெளியூர்க்காரர் புலி, சிறுத்தை உலவும் காட்டை நினைத்துக்கொள்வார். அப்பா போயிருப்பதோ உளுந்துக்குக் களை எடுக்க. இங்கே மானாவாரிப் புஞ்சைக்குப் பெயர்தான் காடு. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி, மிளகாய் எல்லாம் விளைவது இந்தக் "காட்டில்"தான்.

இந்த ஒரு சொல்லால் இப்போது ஒரு சிக்கல் வருகிறது. "நம்ம காடுதானே, யாரைக் கேட்கணும்?" என்று கிளம்பும் இளைஞர் வனத்துறையின் காட்டுக்குள் போய்விடுகிறார். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நகரத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் பரவும் புதையல் விளையாட்டு அப்படிப்பட்டது. அதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர்.

விளையாட்டு என்ன?

2000-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு, செயற்கைக்கோள் வழிகாட்டும் ஜிபிஎஸ் சேவையில் பொதுமக்களுக்கு வைத்திருந்த துல்லியக் குறைப்பை நீக்கியது. மறுநாளே அங்குள்ள ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை வெளியிட்டார். விளையாட்டு அங்கே தொடங்கியது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

பெட்டிக்குள் பொன்னோ பணமோ கிடையாது. தண்ணீர் புகாத ஒரு டப்பா, ஒரு குறிப்பேடு, பென்சில், சில சின்னப் பொருள்கள், அவ்வளவுதான். கண்டுபிடித்தவர் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பெட்டியைப் புதைக்கக் கூடாது, நிலத்துக்கு உரியவரின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது என்பவை விளையாட்டின் விதிகளிலேயே உண்டு. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில்கூடப் பொறுப்பதிகாரியின் அனுமதி இல்லாமல் பெட்டி வைக்க முடியாது.

நம் பகுதியில் யாரைக் கேட்பது? இடத்துக்கு இடம் பதில் மாறும்.

குருமலை: காப்புக்காடு

கோவில்பட்டியை அடுத்த குருமலையில் புஞ்சை முடிந்து வனம் தொடங்கும் இடம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உடை மரமும் முட்புதரும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிற்கும். எல்லைக்கல்தான் அடையாளம். அது எங்கே இருக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். தாண்டினால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும்.

காப்புக்காட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டம் பொருந்தும். அத்துமீறி நுழைவது, ஆடுமாடு மேய்ப்பது, தீ வைப்பது, மரம் வெட்டுவது எல்லாம் அதில் குற்றம். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆட்டுக்கு உள்ள தடை கைப்பேசியோடு வருபவருக்கும் உண்டு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெட்டி வைத்த பிள்ளை விடுமுறை முடிந்ததும் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவான். அவன் வெளியிட்ட புள்ளியைத் தேடி ஆள்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் தள்ளியிருக்கும் என்பதால் சுற்றியுள்ள புதர் முழுவதையும் கிளறுவார்கள். பங்குனி, சித்திரையில் ஒருவர் பீடித்துண்டைப் போட்டால் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். விசாரணை என்று வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது மலையடி ஊர் ஆட்டுக்காரரும் விறகு பொறுக்கும் பெண்களும்தான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களை அரசே அறிவித்து, இணைய முன்பதிவோடும் வழிகாட்டியோடும் போக ஏற்பாடு செய்தது.

வல்லநாடு: சரணாலயம்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போய், தூத்துக்குடி சாலையில் கிழக்கே திரும்பினால் வல்லநாடு மலை வரும். 1987-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு 16 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுதான்.

இங்கே விதி இன்னும் கடுமை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எந்தெந்தக் காரணத்துக்காக நுழைவு அனுமதி தரலாம் என்று பட்டியல் இடுகிறது: வன உயிரின ஆய்வு, புகைப்படமும் படப்பிடிப்பும், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான அலுவல். அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு உரியது. பெட்டி ஒளிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. சரணாலயத்துக்குள் குப்பை போடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. விட்டுவந்த டப்பாவைக் குப்பையாகத்தான் பார்ப்பார்கள்.

இது வீண் கெடுபிடி இல்லை. வெளிமான் குட்டி போட்டதும் அதைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். ஆள் நெருங்கினாலும் குட்டி அசையாமல் கிடக்கும். பெட்டி தேடி நாலு பேர் புல்லை விலக்கிக்கொண்டே போனால், பின்னாலேயே ஊர் நாயும் வந்தால், அந்தக் குட்டியின் கதி என்ன என்பதை ஆடு வளர்ப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சரணாலயத்தில் பெட்டிக்கு அனுமதி கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மானைப் பார்க்க வேண்டுமானால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில், சொல்லும் வழியில் போய்ப் பார்த்து வரலாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

இடம் யாருடையது என்று முதலில் பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் சொல்வார். அது வன நிலம் என்றால் வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இவற்றைத் தெளிவாக எழுதுங்கள்:

• பொறுப்பாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், அடையாள அட்டை நகல்

• இடத்தின் பெயரும் அட்சரேகை, தீர்க்கரேகையும்; எந்தப் பாதையில் போவது

• எத்தனை பேர், எந்தத் தேதி, எந்த நேரம்

• பெட்டியின் அளவு, பொருள், உள்ளே இருப்பவை. தின்பண்டம் எதுவும் இல்லை என்ற உறுதி

• எத்தனை மாதம் இருக்கும், யார் வந்து எடுப்பார்

வாய்மொழியாகக் கிடைத்த சம்மதம் செல்லாது. இன்று "சரி" என்றவர் நாளை மாறுதலில் போய்விடலாம். எழுத்தில் வாங்கி, நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும். மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும்.

கழுகுமலை: பெட்டியே வேண்டாம்

கோவில்பட்டிக்கு மேற்கே, சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பாறை இடுக்கில் டப்பாவைச் செருகுவதற்கு அங்கே இடமில்லை. ஆனால் விளையாட்டுக்கு நிறையவே இடம் இருக்கிறது.

ஜியோகேச்சிங்கில் பெட்டி இல்லாத வகையும் உண்டு. அமெரிக்க நிலவியல் சங்கம் 2004-இல் தொடங்கிய ஒரு வகையில், குறித்த இடத்துக்குப் போய் அங்கே கண்ணால் பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்கு விடை தர வேண்டும். எதையும் வைக்கவோ எடுக்கவோ தேவையில்லை. வெட்டுவான் கோயில் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. கீழே வேலை முடியாமல் நிற்கிறது. சிற்பி எங்கே தொடங்கினார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வேலை நேரத்தில் போய், அங்குள்ள காவலரிடம் சொல்லிவிட்டுப் பார்த்தால் போதும்.

அதே விளையாட்டை நம் காட்டிலும் ஆடலாம். கரிசல் மண்ணில் உள்ள களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால்தான் கோடையில் நிலம் வெடிக்கிறது. "வெடிப்புக்குள் குச்சி எவ்வளவு ஆழம் இறங்குகிறது? மழை பெய்து எத்தனை நாளில் வெடிப்பு மூடுகிறது?" என்று கேட்டுப்பாருங்கள். நகரத்துப் பிள்ளை அளந்து சொல்வதற்குள் மண்ணைப் பற்றி ஒரு பாடம் படித்திருப்பான். வெள்ளாமை நிற்கும் மாதங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் எந்தப் புள்ளியும் வைக்காதீர்கள்.

இந்தக் காட்டுக்குள் நுழையவும் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் மனு எழுத வேண்டியதில்லை. அனுமதி தர வேண்டியவர் அப்பாவோ சித்தப்பாவோதான்; அவர் அங்கே களை எடுத்துக்கொண்டிருப்பார்.