குருசடைக் கடலடியில்

அஞ்சுகிராமத்துக்காரர்களான எங்களுக்குக் கடல் என்றால் வட்டக்கோட்டை மதிலடியில் மோதி உடையும் அலைதான். அந்தக் கலங்கல் நீருக்கடியில் என்ன இருக்கிறதென்று தெரிந்ததில்லை. அதே மன்னார் வளைகுடாவின் மறுகோடியில், பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகும் படகின் விளிம்பில் குனிந்து பார்த்தேன். மாசி மாதம், காற்று அடங்கியிருந்தது. அடித்தரை வரை தெளிவு.

முதலில் கண்ணில் பட்டது கடற்பஞ்சு. பாறையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. அது ஒரு விலங்கு! வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு ஒன்றுகூட இல்லை. உடலெங்கும் நுண்துளைகள், உள்ளே சாட்டைபோன்ற இழைகளைச் சுழற்றியபடி லட்சக்கணக்கான செல்கள் ஓயாமல் நீரை இழுக்கின்றன. நீரிலுள்ள பாக்டீரியாக்களைப் பிடித்துத் தின்றுவிட்டு, மிச்ச நீரை மேலுள்ள பெரிய துளை வழியே வெளியே தள்ளுகின்றன. ஒரே நாளில் தன் பருமனைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு நீரை வடிகட்டும் கடற்பஞ்சுகள் உண்டு. 1907இல் வில்சன் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஒரு கடற்பஞ்சை மெல்லிய பட்டுத்துணி வழியே பிழிந்து தனித்தனி செல்களாக்கினார். அவை ஊர்ந்து, ஒன்றையொன்று தேடி ஒட்டி, மறுபடி கடற்பஞ்சாயின. இதைப் பள்ளிப் பாடத்தில் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

“இந்தப் பார் இல்லன்னா மீன் ஏது சார்?” என்று படகோட்டி கைகாட்டிய இடத்தில் பவளத் திட்டு; அவர் சொன்ன ‘பார்’ அதுதான். நம் கரைவலையில் சிக்கிக் கையை அரிக்கவைக்கும் சொறி எனும் ஜெல்லிமீனும் இந்தப் பவளமும் ஒரே தொகுதி: குழியுடலிகள். ஒரே திறப்புதான், அதுவே வாய், அதுவே கழிவு வாயில். உணர்கொம்புகளில் நஞ்சு நிறைந்த நுண்பைகள். இதே தொகுதியைச் சேர்ந்த ஹைட்ராவில் அளந்திருக்கிறார்கள்: பை வெடித்து முள் பாய ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

ஆனால் பவளத்துக்கு வேட்டை மட்டும் போதாது. திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சமைக்கும் உணவில்தான் அது பெரும்பாலும் வாழ்கிறது. கடல் அளவுக்குமீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும். 2010இலும் 2016இலும் இங்கே அதுதான் நடந்தது.

சூட்டுக்கு முன்பே மனிதர்கள் வந்துவிட்டார்கள். சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி அள்ளினார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும், இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றான விலாங்குசல்லி கடலுக்குள் போயிற்று. 1986இல் இந்தத் தீவுப் பகுதி தேசியப் பூங்கா ஆகியும் திருட்டு ஓயவில்லை. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகு, புலிக்குள்ள பாதுகாப்பு இதற்கும் கிடைத்தது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் உயிர்ப்பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். அடுத்து அங்கேதான் போக வேண்டும்.