புலி பார்த்த கதை

அரக்கோணத்திலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்கு வருகிறவர்கள் இறங்குகிற இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். மார்க்கெட் எங்கே என்று தேடாதீர்கள். 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-ல் தீப்பிடித்து எரிந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையும் அதே வருஷம் வண்டலூரில் புது இடம் பார்த்துக்கொண்டது. பெயர் மட்டும் பிளாட்பாரத்தில் நிற்கிறது. அங்கே இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு புலியும் ஒரு புத்தகமும் ஞாபகத்துக்கு வரும்.

1962 மார்கழி. எனக்குப் பத்து வயது. அரைப் பரீட்சை லீவு. ஆரம்பப் பள்ளி ஆசிரியரான அப்பா ஒரு ராத்திரி, "நாளைக்குப் பட்டணம் போகலாமாடா? உயிர் காலேஜ் பார்த்துவிட்டு வரலாம்" என்றார். மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். காலேஜுகளைப் பற்றி அவர்களுக்கு என்ன அபிப்பிராயமோ!

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மார்கழிப் பனி பிள்ளைகளின் காதைத் துளைக்கும் என்று பாட்டி தானாகவே ஒன்று சேர்த்துக்கொண்டு, கண் மட்டும் தெரியும்படி எனக்கு மப்ளர் கட்டிவிட்டாள். விடியற்காலை பாசஞ்சர். வெளியே பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது கரித்தூள் கண்ணில் விழுந்தது. அப்பா மடியில் ஒரு துணிப்பை. கனமான பை. மேல் பலகையில் வைக்கச் சொன்னதற்கு, "இருக்கட்டும்" என்றார். எழுபது கிலோமீட்டரும் அதை மடியிலேயே வைத்திருந்தார். சாப்பாட்டு மூட்டை என்று நான் நினைத்துக்கொண்டேன். அதில் பாதி உண்மை.

சென்டிரலில் இறங்கியதும், "முதலில் மார்க்கெட்" என்றார். பழைய புத்தகக் கடைகளின் வரிசை. புழுங்கிய காகித வாசனை. ஒரு கடைக்கு முன்னால் நின்று, பைக்குள்ளிருந்து புளிசாத டப்பாவை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அடியில் இருந்ததை வெளியே எடுத்தார். அபிதான சிந்தாமணி.

சிங்காரவேலு முதலியாரின் அந்தப் பெரிய புத்தகம், ஆயிரம் பக்கத்துக்கு மேல், எங்கள் வீட்டில் அநேகமாக ஒரு மனிதர். எந்தச் சந்தேகம் கேட்டாலும், "சிந்தாமணியைப் பார்" என்பார் அப்பா. அதைத் தொடுவதற்குக் கை கழுவிக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர் புரட்டினார். "அட்டை விட்டுப் போச்சே, சார். ஏழு ரூபாய் தரலாம்."

அரையணா கத்தரிக்காய்க்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற அப்பா, "சரி" என்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு, "ஒரு பிளேடு இருக்குமா?" என்று கேட்டு வாங்கி, தம் பெயர் எழுதியிருந்த முதல் தாளை மட்டும் அறுத்தெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பேர் இருந்தா விலை ஒண்ணும் குறையாது, சார்."

"இல்லை, இருக்கட்டும்."

முந்தின வாரம் அக்காவின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைப் பணத்துக்காக அம்மா தோட்டைக் கழற்றியதும், "போட்டுக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அப்பா அதட்டியதும் எனக்குத் தெரியும். கூட்டிப் பார்க்கிற வயதுதான்.

உயிர் காலேஜுக்கும் போனோம். அவர் சொன்ன சொல் தவறமாட்டார். புலி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியது. அப்பா வழக்கத்துக்கு மீறிக் கலகலவென்று பேசினார். வறுகடலை இரண்டு பொட்டலம் வாங்கினார். ரயிலில் காலிப் பையை மடித்து, ஜன்னல் காற்றுக்கு என் மார்மேல் போர்த்திவிட்டார். ஒன்றும் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா அலமாரியைப் பார்த்துவிட்டாள். "சிந்தாமணி எங்கே?"

"ஹெட்மாஸ்டர் கேட்டார். கொடுத்திருக்கிறேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் அவசரமாகப் புலியைப் பற்றி ஆரம்பித்தேன். எழுந்தது, கூண்டை அறைந்தது, உறுமியது, ஜனங்கள் ஓடினார்கள், அப்பா மட்டும் ஓடவில்லை என்றெல்லாம் அரை மணி நேரம், அவள் அடுப்பைக் கவனிக்கப் போகிறவரைக்கும், சொல்லிக்கொண்டே இருந்தேன்.