பார்ஹுத் கற்களில் ஊர்ப்பெயர்கள்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், சௌரங்கியில் உள்ள இந்திய அருங்காட்சியகத்தைக் காணாதவை சிலவே. ஊரிலிருந்து உறவினர் வந்தால், காளி கோயிலுக்கும் விக்டோரியா நினைவு மண்டபத்திற்கும் அடுத்து நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடம் அது. 1814-ஆம் ஆண்டில் ஆசியக் கழகத்தில் தோன்றிய அக்காட்சியகம், இன்றுள்ள மாளிகையில் 1878-இல் மக்களுக்குத் திறக்கப்பெற்றது. எகிப்திய மம்மியைக் காண விரையும் கூட்டம், பார்ஹுத் கூடத்தைச் சில நிமிடங்களில் கடந்து விடுகிறது. காப்பாட்சியர் பயிற்சி பெறும் நாங்கள் சிலர், எங்கள் ஆய்வுக்கு அக்கூடத்தையே தேர்ந்துகொண்டோம்.

பார்ஹுத், மத்தியப் பிரதேசத்துச் சத்னா மாவட்டத்திலுள்ள ஒரு சிற்றூர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் அங்கிருந்த பௌத்தத் தூபியைச் சுற்றி மணற்கல்லால் ஒரு வேலி எழுந்தது. 1873-இல் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அவ்விடத்தைக் கண்டபோது தூபி பெரும்பாலும் அழிந்திருந்தது. அக்கம்பக்கத்து ஊரார் அதன் செங்கல்லையும் கல்லையும் வீடு கட்ட எடுத்துச் சென்றிருந்தனர். எஞ்சியவற்றுள் பெரும்பகுதி கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. பெயர்த்து வந்ததனால் கற்கள் பிழைத்தன. ஆயினும் அவை தம் ஊரை இழந்தன.

கலை ஆய்வு என்றதும் அழகைப் பற்றி எழுதவே மனம் விழையும். யட்சியரின் அணிகலன்களையும் ஜாதகக் கதைகளையும் தாமரை வட்டங்களையும் பற்றி அறிஞர் பலர் முன்னரே எழுதியுள்ளனர். ஆய்வுக்கு ஒரு வினா வேண்டும். அவ்வினா எதிரே நிற்கும் பொருளிலிருந்தே எழுதல் நன்று. பார்ஹுத் கற்களை அணுகி நோக்கினால் பிராமி எழுத்துகள் தென்படும். அத்தகைய பொறிப்புகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை.

அவற்றுள் ஒரு வகை, சிற்பம் கூறும் கதையின் பெயரைச் சொல்வது. வட்டச் சிற்பம் ஒன்றில் மாட்டுவண்டியிலிருந்து காசுகளை இறக்கித் தரையில் பரப்புகின்றனர். அனாதபிண்டிகன் ஜேதவனத்தைக் கோடிப் பொன் பரப்பி வாங்கி அளிக்கின்றான் என்பதைக் கீழேயுள்ள எழுத்து உரைக்கிறது. விளக்கச் சீட்டு எழுதும் எங்கள் தொழிலுக்கு இவர்களே முன்னோர் எனலாம்!

மற்றொரு வகை, கொடையாளரின் பெயரைக் கூறுவது. பொறிப்புகளுள் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையினவே. முதல் தூணை அளித்தவள் விதிசையைச் சேர்ந்த சாபதேவி, ரேவதிமித்திரனின் மனைவி. பாடலிபுத்திரம், கோசாம்பி, நாசிக் முதலிய ஊரினரும் அவ்வரிசையில் உளர். துறவியர், பிக்குணியர், இல்லறத்தார் எனப் பலரும் ஒரு தூணோ ஒரு குறுக்குக்கல்லோ தந்திருக்கின்றனர். ஒருவர் பொருளால் அன்றிப் பலர் பொருளால் எழுந்தது அவ்வேலி.

எனவே, ‘யார் கொடுத்தார்? எவ்வூரிலிருந்து கொடுத்தார்?’ என்பதே எங்கள் வினாவாயிற்று. கல் ஒன்றுக்கு ஓர் அட்டை வைத்து, அளவு, சிதைவு, வேலியில் அதன் இடம், எழுத்து, கொடையாளர், ஊர் ஆகியவற்றைக் குறித்து வருகிறோம். கன்னிங்ஹாம் 1879-இல் வெளியிட்ட நூலின் படங்களோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுகிறோம். பின்னர் ஊர்களை நிலப்படத்தில் குறிக்க வேண்டும்.

செதுக்கிய கைகளோ பெயர் சொல்லவில்லை. தோரணவாயிலின் சில உறுப்புகளில் மட்டும் கரோஷ்டி எழுத்து அடையாளங்கள் உள்ளன. அவ்வெழுத்து வடமேற்கு நாட்டுக்குரியது. ஆதலின் அங்கிருந்து வந்த சிற்பிகள் வாயிலில் பணிபுரிந்தனர் எனக் கன்னிங்ஹாம் கருதினார். பிழைப்புக்காக நெடுந்தொலைவு வந்த அவர்களுக்கு அந்த அடையாளமே எஞ்சியது.

இவ்வழக்கம் நம்மவரையும் விட்டுவிடவில்லை. ஆந்திர நாட்டு அமராவதியில் ஒரு கல்லை அளித்தவன் ‘தமிள கண்ஹ’ எனக் குறிக்கப்பெறுகிறான். அவனோடு தம்பியும் உடன்பிறந்தாளும் சேர்ந்து அளித்துள்ளனர். கண்ஹ என்பது நம் கண்ணனே. அயல்நாட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் கூடிச் செய்த அறம் அது.

கல்லின் அழகைக் காப்பது போலவே, அதனோடு வந்த பெயரையும் ஊரையும் காப்பது காப்பாட்சியரின் கடன் என்று உணர்கிறோம். அன்பர்கள் அடுத்த முறை குழந்தைகளோடு அங்கே செல்லும்போது, பார்ஹுத் கூடத்தில் சற்றே நிற்க வேண்டுகிறோம். அக்கொடைப் பொறிப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் சொல் ஒன்று உண்டு. அதற்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அது ‘தானம்’ என்பதே.